மென்டலிஸ்ட் பாக்குறவங்க வாங்க: ரெட் ஜான் எபிசோடு மட்டும் பாத்தா போதுமா, நடுவுல வர்ற கேஸெல்லாம் தாண்டிடலாமா?

கிருஷ்ணகிரி_டு_ஓசூர்

வணக்கம் மக்களே. இங்க ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இப்பதான் கேள்வின்னு ஒண்ணு வந்திருக்கு. வேலை ஓசூர்ல, வீடு கிருஷ்ணகிரில, கம்பெனி பஸ்ல போறப்ப ஒரு எபிசோடு வர்றப்ப ஒரு எபிசோடுன்னு போன்ல மென்டலிஸ்ட்ங்கற அமெரிக்க சீரியல் பாத்துட்டு இருக்கேன். ஒரு எபிசோடு நாப்பது நிமிஷத்துக்கு கொஞ்சம் மேலதான, குருபரப்பள்ளி தாண்டி ஆரம்பிச்சா சூளகிரி வர்றப்ப பாதி கேஸ் முடிஞ்சிருக்கும், ஓசூர் வர்றதுக்குள்ள கொலைகாரன் மாட்டிடுவான்.

பாக்காதவங்களுக்கு சுருக்கமா கதை. பேட்ரிக் ஜேன்னு ஒருத்தன், முன்னாடி டிவில ஆவியோட பேசுறேன் மனசுல இருக்கறத சொல்றேன்னு ஊர ஏமாத்திட்டு இருந்தவன், ஒரு நாள் ரெட் ஜான்னு ஒரு தொடர் கொலைகாரன பத்தி டிவில கேவலமா பேசிடறான், அவன் வந்து இவன் பொண்டாட்டியையும் சின்ன பொண்ணையும் கொன்னுட்டு செவத்துல ரத்தத்துல ஒரு சிரிக்கிற மூஞ்சிய வரைஞ்சிட்டு போயிடறான். அதுல இருந்து ஜேன் போலீசுக்கு ஆலோசகரா சேந்து மத்த கேஸெல்லாம் கண்டுபிடிச்சு கொடுத்துட்டே ரெட் ஜான தேடிட்டு இருக்கான். அந்த ஆபீஸ் பேரு சிபிஐ, நம்ம டெல்லி சிபிஐ இல்லீங்க, கலிஃபோர்னியா.

இப்ப நான் ரெண்டாவது சீசன்ல இருக்கேன். பிரச்சனை என்னன்னா ரெட் ஜான் வர்ற எபிசோடு வந்தா பஸ்ல இறங்கவே மனசு வரல, ஆனா அது எப்பவாவதுதான் வருது, நடுவுல எல்லாம் யாரோ பணக்காரர் செத்துட்டாரு, யாரோ நடிகை செத்துட்டாங்க, திராட்சத் தோட்டத்துல பொணம், இப்படியே போகுது. அதுவும் மோசமில்ல, ஆனா நான் காத்திருக்கறது அதுக்கு இல்லயே. கூட வேலை பாக்குற பையன் நெட்ல லிஸ்ட் இருக்கு அத மட்டும் பாரு மத்தத தள்ளிடுங்கறான். இன்னொரு பக்கம் மொத்தம் 151 எபிசோடுங்கறத பாத்தா தலை சுத்துது.

கேள்வி ரெண்டு. தாண்டுனா கதை புரியுமா? அப்புறம் இந்த ரெட் ஜான் விஷயம் கடைசில உருப்படியா முடியுதா, இல்ல இழுத்து இழுத்து அம்போன்னு விட்டுடறாங்களா? யாருன்னு மட்டும் தயவு செஞ்சு யாரும் சொல்லிடாதீங்க, கையெடுத்து கும்பிடறேன்.

---

மாங்காமண்டி

தம்பி, தாண்டாதீங்க. நான் இந்த சீரியல முழுசா பாத்துட்டு திரும்ப ஒரு தடவையும் பாத்தவன், அதனால சொல்றேன்.

ரெட் ஜான் லிஸ்ட்னு நெட்ல கெடைக்கறதுல பெரும்பாலும் அந்த பேரு வாயில வர்ற எபிசோடுங்கதான் இருக்கும். ஆனா இந்த மாதிரி சதிக் கதைங்கள எழுதறவங்க முக்கியமான ஆளுங்கள அப்படி மேளம் கொட்டி கூட்டிட்டு வர மாட்டாங்க. ஏதோ ஒரு சாதா கேஸ்ல ரெண்டு வசனம் பேசிட்டு போறவங்கள ரெண்டு சீசன் கழிச்சு திரும்ப கொண்டாந்து நிறுத்துவாங்க, அப்ப நீங்க யாருடா இவன்னு முழிச்சிட்டு நிப்பீங்க. விசுவலைஸ்னு ஒரு ஆசிரமக் கூட்டம் வருதே, அதோட தலைவர் ப்ரெட் ஸ்டைல்ஸ், மால்கம் மெக்டவல் நடிச்சிருப்பாரு. முதல்ல வர்றப்ப ஒரு கேஸுக்கு வந்த ஆளு மாதிரிதான் இருப்பாரு. அவர தாண்டிட்டு பின்னாடி வந்தீங்கன்னா பாதி பேச்சு பிடிபடாது. இது ஸ்பாய்லர் இல்ல, பயப்படாதீங்க, அவர் மாதிரி நெறைய பேர் இருக்காங்க.

இன்னொண்ணு எனக்கு இதவிட பெருசா படுது. அந்த சாதா கேஸுங்கள்லதான் ஜேன் யாருன்னே தெரியும். ஆபீஸ்ல அந்த பழைய பழுப்பு தோல் சோபால படுத்துக்கறது, நீலக் கப்புல சாசரோட டீ ஊத்திக் குடிக்கறது, செத்தவங்க வீட்டுல போய் பிரிட்ஜ தொறந்து பாக்கறது, துக்கத்துல இருக்கறவங்க கிட்ட மூஞ்சிக்கு நேரா நீங்கதான் கொன்னீங்களான்னு கேட்டு டீம் தலைவி லிஸ்பன் மேடம தலைல அடிச்சிக்க வெக்கறது, சிரிச்சிட்டே இருப்பான் மனுஷன். அப்புறம் ராத்திரி மாலிபூ வீட்டுக்கு போனா ஒரு சாமான் இல்லாத ரூம், தரைல ஒரு மெத்தை, மேல செவத்துல அந்த ரத்த மூஞ்சி அப்படியே இருக்கு, அழிக்கல, அதுக்கு கீழ படுத்து தூங்கறான். பகல்ல அவன் சிரிக்கறத பத்து எபிசோடு பாத்தவனுக்குத்தான் அந்த மெத்தைய பாத்தா வயித்த கலக்கும். ரெட் ஜான் எபிசோடு மட்டும் வரிசையா பாத்தா அவன் எப்பவும் மூஞ்ச தூக்கி வெச்சிட்டு பழி வாங்க அலையற சாதா ஹீரோவா தெரிவான், போச்சு.

எப்படி பாக்கறதுன்னு கேட்டா என் வழிய சொல்றேன். அமெரிக்கப் பேரு நமக்கு மனசுல நிக்காது, அதான் பாதி குழப்பமே. போன்லயே நோட்ஸ் ஆப்ல போலீஸ் டிபார்ட்மென்ட்ல வர்ற ஆளுங்க பேர மட்டும் எழுதுங்க, கொலைகாரன் பேரு வேணாம், அவன் அந்த எபிசோடோட சரி. எந்த ஊரு போலீஸ், எஃப்பிஐயா சிபிஐயா, ஜேன் கிட்ட எப்படி நடந்துக்கிட்டாரு, அவ்வளவுதான். இங்கிலீஷ் சப்டைட்டில் கண்டிப்பா போடுங்க, ஜேன் முணுமுணுன்னு பேசுவான், பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

ஒவ்வொரு சீசன் கடைசி எபிசோடையும் மட்டும் பஸ்ல பாக்காதீங்க. வீட்டுல உக்காந்து பாருங்க, அதுலயும் மூணாவது சீசன் கடைசில ரெண்டு எபிசோட சேத்து ஒரே மூச்சுல பாக்கணும். ரெண்டாவது சீசன்ல எட்டாவது எபிசோடும் அப்படித்தான், நீங்க இன்னும் அங்க வரலன்னு நெனைக்கிறேன், பாஸ்கோன்னு இன்னொரு சிபிஐ அதிகாரியோட டீம் கிட்ட ரெட் ஜான் கேஸ் போயிருக்குமே, அந்த இடம்.

முடியுதான்னு கேட்டீங்களே. முடியுது. யாருன்னு சொல்றாங்க, மூஞ்சிய காட்டறாங்க, ஜேன் நேருக்கு நேர் நிக்கறான். அது திருப்தியா இருக்கா இல்லையாங்கறது வேற பஞ்சாயத்து, நீங்க முடிச்சிட்டு வாங்க பேசலாம்.

---

காவேரிப்பட்டினத்தான்

மாங்காமண்டி அண்ணன் சொல்றது சரிதான், ஆனா எல்லாருக்கும் அவ்வளவு பொறுமை இருக்கணும்ல. 151 எபிசோடு எதுக்குங்க, நம்ம தமிழ்லயே எட்டு எபிசோடுல முடியறது இருக்கே, சுழல். 2022 ஜூன்ல பிரைம்ல வந்துச்சு, புஷ்கர் காயத்ரி எழுதுனது, பிரம்மாவும் அனுசரணும் ஆளுக்கு பாதி இயக்குனாங்க. ஒரே ராத்திரில சிமெண்ட் ஃபேக்டரி எரியுது, யூனியன் தலைவர் சண்முகத்தோட பொண்ணு நிலா காணாம போகுது, பார்த்திபன்தான் சண்முகம். கதிர் எஸ்ஐ சக்கரை, ஷ்ரியா ரெட்டி இன்ஸ்பெக்டர் ரெஜினா. ஒவ்வொரு எபிசோடுலயும் சந்தேகம் ஆள் மாறிட்டே இருக்கும்.

எனக்கு அது ஒரு படி மேல பிடிச்சதுக்கு காரணம் மயானக் கொள்ள. கதை நடக்கறதே அந்த திருவிழாவுக்குள்ளதான். எங்க ஊர்க்காரனுக்கு இத சொல்லவே வேணாம், மாசில சிவராத்திரி முடிஞ்சு அமாவாசைக்கு அங்காளம்மன் கோயில்ல இருந்து கெளம்புனா ஊரே சுடுகாட்டுக்குத்தான் போகும், வேஷம் கட்டுனவங்க, கழுத்துல எலுமிச்ச மாலை, மொகத்துல மஞ்சளும் குங்குமமும் வேர்வைல கரைஞ்சு வழியும், பம்ப சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது. சுடுகாட்டுல போய் அவிச்ச பயறு, கொழுக்கட்ட, காசு எல்லாம் எறைப்பாங்க, அத பிடிக்க ஒரு தள்ளுமுள்ளு நடக்கும் பாருங்க, அதுல கெடைச்ச ஒரு பிடி பயற எங்கம்மா வீட்டுக்கு கொண்டாந்து பத்திரமா வெப்பாங்க. டிவில எல்லாம் கொஞ்சம் பளபளன்னு லைட் போட்டு எடுத்திருக்காங்க, எங்க ஊர்ல அடிக்கற வெயிலும் தூசியும் அதுல இல்ல. ஆனா கொலைய கண்டுபிடிக்கற கதைல முக்கால்வாசி பேர் மூஞ்சில சாயம் பூசிட்டு நிக்கறது எவ்வளவு வசதி யோசிச்சு பாருங்க, யாரு யாருன்னே தெரியாது. அந்த யோசனைக்கே ஒரு கைத்தட்டு கொடுக்கலாம்.

ரெண்டாவது சீசனும் 2025 பிப்ரவரில வந்திடுச்சு. வேற ஊரு, வேற திருவிழா, வேற கொலை. கம்பெனி பஸ்ல போக வர பாத்தா நாலே நாள்ல ஒரு சீசன் முடிஞ்சிடும் உங்களுக்கு.

---

மாங்காமண்டி

சுழல் நல்லாதான் இருக்கு, நானும் பாத்தேன். ஆனா தம்பி கேட்டது வருஷக் கணக்குல ஓடற சதிய எப்படி தொடர்றதுன்னு. எட்டு எபிசோடுல முடிஞ்சா அது துப்பறியற கதை, அவ்வளவுதான். ரெண்டும் வேற ருசி.

---

பாலக்கோடு_தக்காளி

இந்தக் காலத்து பிள்ளைங்க எபிசோட தாண்டலாமான்னு கேக்கறத பாத்தா எனக்கு சிரிப்பா வருது தம்பி. நாங்க மர்மதேசம் பாத்த காலத்துல தாண்டறதுக்கு வழியே கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவ சன் டிவில வரும், கரண்டு போச்சுன்னா அந்த வாரக் கதை போச்சு, அப்புறம் மறுநாள் பள்ளிக்கூடத்துல யார் வீட்டுல கரண்டு இருந்துச்சோ அவளுக்கு ராஜ மரியாத, சுத்தி உக்காந்து கதை கேப்போம். அவ பாத்தது பாதி சொந்தமா சேத்துக்கறது பாதி.

மர்மதேசத்துல விடாது கருப்பு கதை வந்தப்ப எங்க தெருல ராத்திரி வெளிய போக பிள்ளைங்க பயப்படும். தப்பு பண்ணவன கருப்புசாமி குதிரைல வந்து அடிக்கறாரா, இல்ல மனுஷன் யாராவது பண்றானாங்கறதுதான் கேள்வியே, கடைசி வரைக்கும் அந்த ரெண்டுக்கும் நடுவுலயே நம்மள நிறுத்தி வெச்சிருந்தாங்க. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா டைரக்‌ஷன், கே.பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு. அதுல எந்தக் காட்சி முக்கியம் எது முக்கியமில்லன்னு நமக்கு தெரியாது, அதனால எல்லாத்தையும் கண்ண விரிச்சு பாத்தோம். வாரம் பூரா அவர்தான் இவர்தான்னு வீட்டுல சண்டை. எங்கப்பா ஒரு ஆள சொல்லுவாரு, எங்க சித்தி ஒரு ஆள சொல்லும், பந்தயமெல்லாம் கட்டுவாங்க.

அதனால நான் சொல்றது என்னன்னா நீங்க தனியா பாக்கறதுதான் தப்பு. ஏத்தி விட்ட அந்த பையன் இருக்கான்ல, அவன் முழுசா பாத்துட்டான்னா அவன்கிட்ட பேச முடியாது. இனிமே பாக்கப் போற வேற யாரையாவது சேத்துக்கோங்க, ரெண்டு பேரும் ஒரே எபிசோடுல இருங்க. மென்டலிஸ்ட் எங்க வீட்டுக்காரரும் நானும் சேந்துதான் பாத்தோம், சமையல் முடிஞ்சு களி கிண்டி எறக்கி வெச்சிட்டு உக்காந்தா ஒரு எபிசோடு, அதுக்கு மேல கெடையாது. ஒண்ணுக்கு மேல பாத்தா யோசிக்க நேரமே கெடைக்காதுங்க, அடுத்ததுல விடைய சொல்லிடுவான்.

---

மொரப்பூர்_மெயில்

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசறேன், கோச்சிக்காதீங்க. இந்த மாதிரி சீரியலுங்க எல்லாத்துலயும் ஒரே வியாதி இருக்கு, அது தெரிஞ்சிட்டு பாத்தா ஏமாற மாட்டீங்க.

அமெரிக்க டிவில பெரிய சேனலுங்க வருஷத்துக்கு இருபத்திரெண்டு இருபத்திநாலு எபிசோடு கேக்கும். மென்டலிஸ்ட் சிபிஎஸ் சேனல்ல 2008ல இருந்து 2015 வரைக்கும் ஓடுச்சு, முதல் நாலு சீசனும் பாருங்க, 23, 23, 24, 24. இத்தன எபிசோடுலயும் சதிக் கதைய ஓட்ட முடியாது, ஓட்டுனா ஒரே வருஷத்துல தீந்துடும். அதுவுமில்லாம ஒரு வாரம் விட்டு அடுத்த வாரம் வர்றவனுக்கும் புரியணும். அதனால வாராவாரம் ஒரு கேஸ், நடு நடுவுல பெரிய மர்மத்துல ஒரு துளி. சீரியல் நல்லா ஓடுற வரைக்கும் மர்மத்த முடிக்க மனசு வராது, முடிச்சா ஆளுங்க போயிடுவாங்களேன்னு பயம். எப்ப முடியும்னு எழுதறவருக்கே அடுத்த வருஷம் சேனல் சொன்னாத்தான் தெரியும். இதுல எங்க இருந்து கதை நேரா போகும்?

இதுக்கு மூத்த உதாரணம் எக்ஸ் ஃபைல்ஸ். 1993ல ஆரம்பிச்சு 2002 வரைக்கும் ஒன்பது சீசன். முல்டர்னு ஒரு எஃப்பிஐ ஆளு, அவன் சின்ன வயசுல தங்கச்சி காணாம போச்சு, அத தேடிப்போனா அரசாங்கத்துக்குள்ளயே ஒரு கூட்டம், சிகரெட் பிடிச்சிட்டே ஒரு மூலைல நிக்கற ஆளு. முதல் சில சீசன் பிரமாதமா இருக்கும். அப்புறம் ஒரு பொய்ய மறைக்க இன்னொரு பொய், அதுக்கு மேல ஒரு கூட்டம், செத்தவன் வர்றான், தலையும் புரியல வாலும் புரியல. ரசிகருங்களே சதி எபிசோடு தனி, வாராந்திர பேய் பிசாசு எபிசோடு தனின்னு ரெண்டா பிரிச்சு வெச்சிருக்காங்க, இன்னிக்கு நெறைய பேர் திரும்ப பாக்கறது அந்த வாராந்திர எபிசோடுங்களத்தான். 2016லயும் 2018லயும் திரும்ப கொண்டாந்தாங்க, அப்பவும் சதி தெளியல.

கேஸில்னு இன்னொண்ணு, 2009ல இருந்து 2016 வரைக்கும் எட்டு சீசன். துப்பறியும் நாவல் எழுதறவரு நியூயார்க் போலீஸ் பெக்கெட் மேடத்தோட சுத்துவாரு. அந்த மேடத்தோட அம்மாவ 1999ல யாரோ குத்திக் கொன்னிருப்பாங்க, அதுக்கு பின்னாடி ஒரு பெரிய கை. அத ஆறாவது சீசன்ல அழகா முடிச்சாங்க, எனக்கு கண்ணுல தண்ணியே வந்துச்சு. சரி முடிஞ்சுதுன்னு பாத்தா எட்டாவது சீசன்ல அந்த கைக்கு மேல இன்னொரு கைன்னு திரும்ப ஆரம்பிச்சாங்க. செத்த பாம்ப திரும்ப எதுக்குங்க அடிக்கறது. அந்த சீசனோட மூடிட்டாங்க.

ஆக தம்பி, என் கணக்கு என்னன்னா சதிய நம்பி பாக்காதீங்க, கேஸ நம்பி பாருங்க. சதி நல்லா முடிஞ்சா லாபம். அந்த விதத்துல மாங்காமண்டி அண்ணன் சொன்ன அதே இடத்துக்குத்தான் நானும் வர்றேன், வேற ரோட்டுல.

---

தொப்பூர்_கணவாய்

ரெட் ஜான் முதல் சீசன்லயே வந்துட்டான் ப்ரோ, நீங்க ஏற்கனவே பாத்துட்டீங்க 😂 அதான் தாண்டக் கூடாதுங்கறாங்க

---

கிருஷ்ணகிரி_டு_ஓசூர்

யோவ்!!! என்னய்யா இது, கையெடுத்து கும்பிட்டனேய்யா.

---

அட்மின்

தொப்பூர், ஸ்பாய்லர்னு மேல போட்டுட்டு எழுதுங்கன்னு விதில இருக்கு. மறுபடி வந்தா பதிவ தூக்கிடுவோம்.

---

தொப்பூர்_கணவாய்

நான் பேர சொல்லலயே அட்மின். முதல் சீசன்ல நூறு பேருக்கு மேல வர்றாங்க, அதுல கண்டுபிடிக்கட்டும் பாக்கலாம். இப்ப அவரு முதல் சீசன திரும்ப பாப்பாரா மாட்டாரா? பாப்பாரு. நல்லதுதான பண்ணிருக்கேன்.

---

மாங்காமண்டி

*ஸ்பாய்லர் ஸ்பாய்லர் ஸ்பாய்லர். முடிச்சவங்க மட்டும் கீழ படிங்க. கிருஷ்ணகிரி தம்பி, இங்கயே நின்னுடுங்க, நேரா கடைசி பதிவுக்கு போங்க.*

பேச்சு வந்துடுச்சு, கேட்டுடறேன். மெக்காலிஸ்டர முதல் சீசன் ரெண்டாவது எபிசோடுல நாபா ஷெரிஃபா காட்டிட்டு ஆறாவது சீசன் எட்டாவது எபிசோடுல இவன்தான்னு சொன்னது நியாயமா? எனக்கு நியாயம்னுதான் படுது. சின்ன ஊரு போலீஸ் அதிகாரி, கோபக்காரரு, மறந்து போற மாதிரி ஒரு ஆளு. எவன் மறந்து போவானோ அவன்தான் இத்தன வருஷம் ஒளிஞ்சிருக்க முடியும். ஐந்தாவது சீசன்ல ரெட் ஜானோட ஆளு லொரலை வாய் தவறி ஜேனும் ரெட் ஜானும் கை குலுக்கி இருக்காங்கன்னு சொல்லிடுவாளே, அங்க இருந்து ஜேன் இதுவரைக்கும் கை குலுக்குனவங்கள எல்லாம் யோசிச்சு யோசிச்சு ஏழு பேருக்கு கொண்டு வர்றது, அந்த ஏழு பேர் பேரையும் ரெட் ஜானே லொரலைய படிக்க வெச்சு வீடியோவா அனுப்பறது, ஐந்தாவது சீசன் முடியற இடம், அதுக்கு ஈடா நான் எதுலயும் பாத்ததில்ல.

---

மொரப்பூர்_மெயில்

*ஸ்பாய்லர்*

அந்த ஏழு பேர் லிஸ்ட் பிரமாதம், ஒத்துக்கறேன். ஸ்டைல்ஸ், பெர்ட்ராம், ஹாஃப்னர், ஸ்மித், கிர்க்லாண்ட், மெக்காலிஸ்டர், பார்ட்ரிட்ஜ். அதுக்கப்புறம்தான் எனக்கு பிரச்சனை. போலீசுக்குள்ள ஒரு ரகசியக் கூட்டம், தோள்ல பச்சை குத்துன மூணு புள்ளி, இங்கிலீஷ் கவிஞர் ப்ளேக்கோட கவிதைல இருந்து ஒரு ரகசிய வார்த்தைன்னு போனப்புறம் ரெட் ஜான் யாரா இருந்தா என்னன்னு ஆயிடுச்சு. மாலிபூ வீட்டுல அஞ்சு பேர நிறுத்தி சட்டைய கழட்டச் சொல்லி தோள காட்டுங்கறப்ப மூணு பேருக்கு புள்ளி இருக்கு, அது செம சீன். ஆனா ஒரு ஆளு செஞ்ச அத்தனை மாயத்துக்கும் காரணம் டிபார்ட்மென்ட் பூரா அவன் ஆளுங்கதான்னு சொன்னா, நான் இத்தன சீசன் மூளைய கசக்குனது எதுக்கு? யார வேணும்னாலும் ரெட் ஜானா போட்டிருக்கலாமே.

---

பாலக்கோடு_தக்காளி

*ஸ்பாய்லர்*

எனக்கு அந்தக் கூட்டம் பிரச்சனையா தெரியலங்க. மூணாவது சீசன்லயே லிஸ்பன் டீம்ல இருக்கற வேன் பெல்ட் கட்டிக்கப் போற மாப்பிள்ளை ஓலாஃப்லின் அவனோட ஆளுன்னு தெரியும்ல, அதுக்கு முன்னாடி பாஸ்கோவோட செக்ரட்டரி ரெபெக்கா. ஒருத்தர் ஒருத்தரா உள்ள வெச்சிருக்கான்னு முன்னாடியே காட்டிட்டுத்தான வர்றாங்க.

எனக்கு மனசு ஒடிஞ்சது மெக்காலிஸ்டர் மாட்டுன விதம். இத்தன வருஷம் ஆட்டி வெச்சவன் அந்த சின்ன சர்ச்சுல ஜேன் ஒரு புறாவ பறக்க விட்டதும் நடுங்கிப் போறான், அப்புறம் ஓடறான், கெஞ்சறான். எங்க வீட்டுக்காரரு இவ்வளவுதானா இவன்னு டிவிய பாத்து கத்துனாரு. ஆனா யோசிச்சு பாத்தா ஜேனுக்கும் அதே ஏமாத்தம்தான் மூஞ்சில தெரியும். ராட்சசன்னு தேடிட்டு வந்தவனுக்கு கையில கெடைச்சது ஒரு பயந்தாங்கொள்ளி ஷெரிஃப். வேணும்னே அப்படித்தான் எழுதிருப்பாங்கன்னு எனக்கு தோணுது. அந்த குளத்துக்கரைல துப்பாக்கிய விட்டுட்டு கையாலயே கழுத்த நெரிக்கறான் பாருங்க, அப்ப பின்னணில பெருசா ஒண்ணும் வசனமில்ல, ஜேனும் எதையும் ஜெயிச்ச மாதிரி இல்ல. அந்த ரெண்டு நிமிஷத்துக்காகவே அந்த ஷெரிஃப மன்னிச்சிட்டேன்.

---

மொரப்பூர்_மெயில்

*ஸ்பாய்லர்*

அக்கா, புறா விஷயத்துல உங்க வீட்டுக்காரர் கட்சி நான்.

---

கிருஷ்ணகிரி_டு_ஓசூர்

நடுவுல எல்லாத்தையும் கண்ண மூடிட்டு தாண்டி வந்துட்டேன், சத்தியமா படிக்கல. தொப்பூர் ப்ரோ புண்ணியத்துல முதல் சீசன்ல இருந்து திரும்ப ஆரம்பிக்கறேன். காலைல ஒரு பழைய எபிசோடு, சாயந்திரம் ஒரு புது எபிசோடுன்னு வெச்சுக்கப் போறேன். நோட்ஸ் ஆப்ல போலீஸ் பேருங்க எழுத ஆரம்பிச்சாச்சு, அண்ணன் சொன்ன மாதிரி. இப்பவே எனக்கு நாலு பேர் மேல சந்தேகம், அதுல ஒருத்தர் செத்துட்டாரு, அவர விடவும் மனசு இல்ல. பக்கத்து சீட்டுல உக்கார்ற அண்ணன் ஒருத்தர் டெய்லி என் போன எட்டி எட்டி பாத்துட்டு வர்றாரு, அக்கா சொன்ன மாதிரி அவரையே சேத்துக்கலாம்னு ஒரு இயர்ஃபோன அவர் கிட்ட கொடுத்துட்டேன்.

இன்னொரு சந்தேகம், ரெட் ஜான் ஆறாவது சீசன் நடுவுலயே முடிஞ்சுடும்னு எங்கயோ கண்ணுல பட்டுச்சு. அப்ப மீதி சீசன்ல என்னதான் பண்ணுவாங்க? அதையாவது விட்டுடலாமா?

---

பாலக்கோடு_தக்காளி

விடாதீங்க தம்பி. அதுக்கப்புறம் கதைல ரெண்டு வருஷம் தள்ளிப் போகும், ஜேன் வேற எங்கயோ கடற்கரைல இருப்பான், அங்க இருந்து கெளம்பி டெக்ஸாஸ்ல ஆஸ்டின் போவான், எஃப்பிஐ ஆபீஸ். சீரியலே கொஞ்சம் வேற சீரியலா மாறிடும், வெளிச்சமா இருக்கும், சண்டை சச்சரவு கம்மி, பழைய டீம்ல இருந்த சோ மட்டும் அதே மூஞ்சிய வெச்சிட்டு வருவான். ஒரு சின்ன விஷயம் கவனிங்க, இதுவரைக்கும் வந்த எபிசோடு பேருங்கள்ல எல்லாம் செவப்பு இல்லன்னா செவப்பு சம்பந்தப்பட்ட ஏதாவது ஒண்ணு இருக்கும், ரெட் ஜான் போனதுக்கு அப்புறம் பேருங்கள்ல நீலம் பச்சை வெள்ளைன்னு வேற கலர் வர ஆரம்பிக்கும். ஏழாவது சீசன் பதிமூணே எபிசோடுதான், லிஸ்பனுக்காக அத பாருங்க. ஆறாவது சீசன் எட்டாவது எபிசோட மட்டும் பஸ்ல பாக்காதீங்க, பக்கத்து சீட்டு அண்ணன வீட்டுக்கு கூப்பிட்டுக்கோங்க.